மகள் கேட்ட சதுரம்

சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்து. மகளின் இடது காதுக்குக் கீழே கொத்தமல்லி விதை அளவில் ஒரு தடிப்பைப் பார்த்தேன். நடுவில் வெளுப்பு, சுற்றிலும் சிவப்பு. கொசுக்கடி என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நெல்லித்தோப்பில் ஸ்கூட்டர் சர்வீஸ் கடையின் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது மூன்றே முக்கால் வயது. மடியில் அவளுடைய சின்ன டப்பா. அதில் காலையில் நான் மிளகு போட்டு வறுத்த சோயா பன்னீர், பத்துத் துண்டுகள். ஆறு தின்றிருந்தாள். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு முகவாயைச் சொறிந்தாள். அங்கே இரண்டாவது தடிப்பு.

"அப்பா, தொண்டைல என்னமோ இருக்கு."

பையில் எப்போதும் இருக்கும் அலர்ஜி சிரப்பை ஊற்றிக் கொடுத்தேன். மெக்கானிக் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். கீழுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. "சார், வண்டிய அப்புறம் பாத்துக்கலாம். ஆட்டோ புடிங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையோடு அவரே ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். கோரிமேட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில், அவள் என் சட்டையில் வாந்தி எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பத்து ஐம்பத்திரண்டுக்குத் தொடையில் ஊசி போட்டார்கள். பதினொன்றேகாலுக்கு உதடு பழைய அளவுக்கு வந்தது. இந்த நேரங்களையெல்லாம் சர்வீஸ் சீட்டின் பின்பக்கம் குறித்திருந்தேன். செய்தித்தாள் வேலையில் வந்த பழக்கம். அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலையும் இல்லை.

"கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று, மகளை எப்போதும் பார்க்கும் டாக்டரம்மா வந்து கேட்டார்.

"சோயா பன்னீர், டோஃபு."

அவர் தாளில் அந்தச் சொல்லை எழுதினார். அதைத் தலைகீழாகப் படித்தபோதுதான், நான் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது.

மகளுக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, மீன் ஆகாது. மூன்றும் அவள் ஒன்றரை வயதுக்குள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தவை. கடலோர ஊரில் மீன் ஆகாத குழந்தையை வளர்ப்பது எப்படி என்று ஆளாளுக்கு எங்களிடம் கேட்டார்கள். வளர்க்கலாம், தெருவில் எந்த வீட்டில் என்ன பொரிகிறது என்று மூக்குக்குத் தெரிந்திருந்தால் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பருப்பைச் சோற்றில் பிசைந்தால் நாலு வாய். கோழிக்கறியை மென்று, சக்கையைக் கையில் எடுத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரித் தராசில் அவளை நிறுத்தியதும் டாக்டரம்மா ஒரு விநாடி கூடுதலாக முள்ளையே பார்ப்பார். அந்த விநாடி எங்களுக்குப் பழகியிருந்தது.

அவர்தான் சோயா பன்னீரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மனைவி வில்லியனூர்ப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. ஏழரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். எனக்குப் பத்திரிகை வேலை மாலையில்தான் தொடங்கும். ஆகவே காலைச் சமையல் என்னுடையது. முதல் மூன்று முறை தோற்றேன். குழம்பில் போட்டால் ஊறிப்போய்க் குழைந்தது. அப்படியே வறுத்தால் தண்ணீர் விட்டுச் சட்டியில் வெந்ததே தவிர சிவக்கவில்லை. பிறகு வழி பிடிபட்டது. கட்டியைத் துணியில் சுற்றி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய இட்லிப் பானையை அரை மணி நேரம் ஏற்றி வைக்க வேண்டும். வடிந்த பின் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, நல்லெண்ணெயில் மஞ்சள், மிளகு, உப்பு. ஒரு பக்கம் சிவக்கும் வரை கரண்டி படக்கூடாது. பொறுமையில்லாமல் புரட்டினால் தோல் சட்டியோடு போய்விடும். இந்த ஊர் நீள ரொட்டியைக் கீறி உள்ளே வைத்தும் கொடுக்கலாம். அதில் பால், வெண்ணெய் உண்டா என்று பேக்கரிக்காரரிடம் கேட்டபோது, "இந்த வெலைக்கு வெண்ணெய் வேற போடுவாங்களா சார்" என்றார். அவ்வளவு நம்பகமான பதில் எந்த அட்டைப் பெட்டியிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை.

அவள் அதைச் சதுரம் என்றாள். "சதுரம் குடு." தானாகக் கேட்டு வாங்கித் தின்ற முதல் சாப்பாடு அது. மூன்று மாதத்தில் முக்கால் கிலோ ஏறினாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொல்லும்வரை சோயா கொடுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. உள்ளே வந்ததும் மனைவி நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த கட்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"சோயாதான்னு இன்னும் தெரியாது" என்றேன்.

"உங்க பேப்பர்ல போடறதுக்கு ரெண்டு பேர் சொல்லணும், மூணு பேர் சொல்லணும்னு இருக்கலாம். எனக்கு அவ உதடு வீங்குனது போதும்."

"அதுவும் இல்லன்னா அவளுக்கு என்ன குடுக்கறது?"

மனைவி குப்பைக் கூடையின் மூடியை இரண்டு முறை அழுத்தி மூடினாள்.

மறுநாள் காலை ரெட்டியார்பாளையத்துக்குப் போனேன். சோயா பன்னீர் செய்யும் அம்மாவின் வீடு அங்கே. கணவர் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு இருவரும் வீட்டின் பின்கட்டில் ஒரு ஷெட் போட்டு இதைத் தொடங்கியிருந்தார்கள். சோயாவை இரவே ஊறப்போட்டு, அரைத்து, காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, எந்தப் பாத்திரத்திலாவது மாட்டுப்பால் பட்டிருக்குமா என்று நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்கும்.

"பாலா? இந்த ஷெட்டுக்குள்ள டீத்தண்ணி கூட வராது சார். இவரு டீ குடிக்கணும்னா தெருமுனைக்குத்தான் போவணும்."

கணவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அது எனக்கு வசதிதான் சார். வீட்ல குடிச்சா ஒரு டீ. வெளிய போனா ரெண்டு."

"ரெண்டா? மூணுன்னு டீக்கடக்காரரே சொன்னாரு" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டார். இனிமேல் வாங்குவீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். பாத்திரம், துணி, மரப்பெட்டி, எல்லாவற்றிலும் சோயாவின் பச்சை வாசனைதான்.

வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் அந்தக் காலையை மறுபடி பரப்பினேன். பன்னீர் அதே கட்டி. வெள்ளிக்கிழமையும் அதிலிருந்து தின்றாள், ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய், மஞ்சள், மிளகு, உப்பு எல்லாம் அதே. சட்டி, கரண்டி இரண்டும் அவளுக்கென்று தனியாக வைத்திருப்பவை. அவளுடைய பாத்திரங்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்போம். அந்தப் பொட்டுள்ளதில் வேறெதுவும் போகக் கூடாது என்பது வீட்டின் சட்டம். சட்டம் போட்டவன் நான். வெள்ளிக்கிழமை அவள் தட்டில் தின்றாள். சனிக்கிழமை டப்பாவில்.

டப்பாவைக் கவிழ்த்தேன். சிவப்புப் பொட்டு இருந்தது. மூடியைத் திருப்பினேன். விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தேன். அடியில், பள்ளத்தில், வளையம் முழுக்க மஞ்சளாக ஒரு பிசுக்குக் கோடு. முகர்ந்து பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினேன்.

"நெய்" என்றாள்.

இருவரும் மேடை ஓரத்தில் நின்றோம். அது எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும்.

கீழ் வீட்டு அக்கா ரவிக்கை தைப்பவர். அவருடைய வீட்டுக்காரருக்குப் பெரிய கடைத்தெருப் பக்கம் நூல், பட்டன் கடை. எங்கள் மகள் மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் சதுரம் சதுரம் என்று பேசுவதைக் கேட்டு, போன புதன்கிழமை அவர் என்னிடம் சொன்னார்: "அது இன்னா தம்பி, ஒலகத்துல இல்லாத பண்டம்? எனக்கும் ரெண்டு குடுங்க, ருசி பாக்கறேன்." கிண்ணமெல்லாம் தேய்க்கப் போட்டிருந்தது. கைக்கு எட்டியது பொட்டு வைத்த டப்பா. அதிலேயே போட்டுக் கொடுத்தனுப்பினேன். நான் செய்த முதல் தப்பு.

மறுநாள் டப்பா திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை; ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். அக்கா உள்ளே தம்ரூட் வைத்திருந்தார். ரவை, முட்டை, பால், நெய் எல்லாம் சேர்த்து, மேலும் கீழும் தணல் வைத்துச் செய்கிற இனிப்பு. மகளுக்கு ஆகாததில் மீன் ஒன்றுதான் அதில் இல்லை. அது அவருக்கும் தெரியும். "இது உங்க ரெண்டு பேருக்குந்தான். பாப்பா கண்ணுல காட்டிடாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லித்தான் கொடுத்தார். சோயா பன்னீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "உப்புப் போட்ட ஸ்பாஞ்சு மாதிரி இருக்குது. மெளகு மட்டும் நல்லா இருந்துச்சு."

மகள் தூங்கிய பிறகு நானும் மனைவியும் அதைத் தின்று முடித்தோம். டப்பாவை நான்தான் கழுவினேன். சோப்பு போட்டு, வெந்நீர் விட்டு, இரண்டு முறை. ரப்பரைக் கழற்றவில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவன் நான்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வேண்டாம் என்றாள் மனைவி. அவர் மனசு உடைந்துபோகும். சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? எனக்கு அப்படிப் படவில்லை. குழந்தைக்கு ஊசி போட்டது தெருவுக்கே தெரிந்துவிட்டது. சோயா விஷம் என்கிற கதையும் அதற்குள் கிளம்பியிருந்தது. அந்தக் கதை ரெட்டியார்பாளையத்து அம்மாவின் வியாபாரம் வரை போகாது என்று சொல்ல முடியாது.

கீழே போனபோது அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு மெஷின் முன்னால் இருந்தார். "இன்னாச்சு தம்பி, கண்டுபுடிச்சீங்களா?" என்றார். சொன்னேன். அவர் மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் செஞ்சதுதான்."

"இல்லக்கா. அந்த டப்பாவுல குடுத்தனுப்புனது நான். கழுவுனதும் நான். ரப்பரக் கழட்டல."

"ரப்பரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் டப்பாவக் கழுவிட்டுத்தானே வெச்சேன். வெறும் டப்பாவா எப்டிக் குடுக்கிறதுன்னு..." இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிறகு, "இப்ப பாப்பாவுக்கு அந்தச் சதுரம் கெடயாதா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் கெடயாது."

"நெய்யினாலதான்னு போயிச் சொல்லுங்களேன். நான் வேணா வந்து சொல்றேன். தம்ரூட்டு நாந்தான் வெச்சேன்னு."

அவர் நிஜமாகத்தான் கேட்டார். வர வேண்டாம் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை எங்கள் பாத்திரம் ஒன்று அவர் வீட்டிலிருந்து திரும்பியபோது, அதில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

திங்கட்கிழமை ரப்பர் வளையத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். பால் அலர்ஜிக்கு இவ்வளவு போதும். ஆனா பால் ஆகாத கொழந்தைங்கள்ல சில பேருக்குச் சோயாவும் ஆகாம இருக்கும், திடீர்னு வரும். சோயா பரவால்லன்னு நான் எழுதணும்னா, அவ என் கண்ணு முன்னாடி சாப்பிடணும்." வார்டில் படுக்கை வேண்டும், கூடவே ஆள் வேண்டும். ஐந்து வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். "அதுவரைக்கும் வீட்ல கொஞ்சமா குடுத்துப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க."

நினைத்தேன். இரண்டாவது வாரத்தில், காலை எட்டரைக்கு, அவள் பருப்புச் சோற்றை மூன்றாவது வாயில் துப்பியபோது நினைத்தேன். ஆதாரம் என் பக்கம் இருந்தது. ஆனால் கட்டி வீட்டில் இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் நான் டாக்டர் சொன்னதைக் கேட்டேன் என்று எழுதுவதே நியாயம்.

உருளைக்கிழங்கை அதே அளவில் வெட்டி, அதே மிளகோடு வறுத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தாள். மீதியை வரிசையாகத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"இது பொய்ச் சதுரம்."

"இதுவும் நல்லா இருக்கும்மா."

"நெஜச் சதுரம் எங்க?"

கடையில் இல்லை என்றேன். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் வண்டிக் கடைல வாந்தி எடுத்தேன்ல, அதான் குடுக்க மாட்றீங்களா? இனிமே எடுக்க மாட்டேன்."

அவள் வாந்தி எடுத்தது ஆட்டோவில். அதை யாரும் திருத்தவில்லை. மனைவி எழுந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று மாலை, "தேதியக் கொஞ்சம் முன்னாடி கேட்டுப் பாருங்களேன்" என்றாள். கேட்டேன். படுக்கை இல்லை. அந்த வாரம் நிறுத்திப் பார்த்ததில் முந்நூறு கிராம் குறைந்திருந்தாள்.

தேதி ஒரு வியாழக்கிழமையில் வந்தது. வீட்டில் செய்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். புதிதாக ஒரு சட்டி வாங்கினேன். ரப்பர் இல்லாத எவர்சில்வர் டப்பா ஒன்றும். ரெட்டியார்பாளையத்து அம்மா அன்றைய முதல் கட்டியை விடியற்காலையில் தன் கணவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் வாசலிலேயே நின்று, "டீ குடிச்சிட்டு வரல சார்" என்றார். ஆறரைக்கு வறுத்து முடித்தேன். மிளகு போடவில்லை. ஏதாவது சிவந்தால் காரம் என்று யாரும் சொல்லக் கூடாது.

வார்டில் முதலில் அவள் இடது புறங்கையில் ஒரு ஊசியைப் பொருத்தினார்கள். நிலைமை மோசமானால் நரம்பைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்று நர்ஸ் சொன்னார். அவள் அழுதாள். பிறகு டப்பாவைத் திறந்ததும் அழுகை பாதியில் நின்றது.

ஒன்பது பத்துக்கு முதல் துண்டு. துண்டு என்றால் துவரம்பருப்பு அளவு. டாக்டரம்மா கத்தியால் கீறிக் கொடுத்தார். "இவ்ளோதானா?" என்றாள் மகள். இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு பாதிச் சதுரம். மறுபடி இருபது நிமிடம். மனைவி அவள் கழுத்தையும் காதுக்குப் பின்னாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, தன் பையனோடு உட்கார்ந்திருந்தார். "அது இன்னா மருந்தும்மா?" என்று கேட்டார்.

"மருந்தில்ல. சதுரம்" என்றாள் மகள்.

ஒன்பது ஐம்பதுக்கு ஒரு முழுச் சதுரம். பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அவளுடைய வலது கன்னத்தில் நீளமாகச் சிவந்தது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் வந்து குனிந்து, கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். தலையணையைத் திருப்பினார். உறையின் ஓரத்தில் தடித்த தையல் ஓடியது. மகள் அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் கோடு மறைந்தது. அந்த ஐந்து நிமிடமும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், அவளை அல்ல.

பத்து பதினைந்துக்கு மூன்று சதுரங்கள். பத்து நாற்பதுக்கு மீதி இருந்த எல்லாம். கடைசித் துண்டைத் தின்றுவிட்டு டப்பாவின் அடியை விரலால் வழித்தாள். பிறகு இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில் பையனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு காலி மாத்திரை அட்டை போய்ப் போய் வந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு டாக்டரம்மா வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெத் வைத்தார், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். தாளில் சோயா பரவாயில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நர்ஸ் மகளின் இடது புறங்கையிலிருந்து ஊசியை உருவி, அந்த இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டினார்.